இத்தாலி ஞானசிங் அடித்த மணி

ஆலங்குட்டிவிளைக்கு வந்து ஞானசிங் வீடு எது என்று கேட்டால் எவரும் கொஞ்சம் யோசிப்பார்கள். இத்தாலி வீடு எது என்று கேட்டால் சாயக்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கை காட்டுவார்கள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது, மூன்றரை வருஷம் அவர் ஏன் ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தில் சேராமல் வெளியே இருந்தார் என்பதை எழுதலாம் என்று நினைக்கிறேன். அந்த வருஷங்களில் ஆலயத்து மணிக்கயிறும் சாவியும் என் பொறுப்பில் இருந்தபடியால் இதில் அதிகமும் நான் கண்ணால் பார்த்தது. பார்க்காததை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மண்டைக்காட்டிலிருந்து வடக்கே இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். பனையும் மரச்சீனிக் கிழங்கும்தான் பிழைப்பு. ஞானசிங் பனை ஏறுகிறவர். உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்குத் திண்டாடிய ஒரு வருஷம், பட்டாளத்தில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாகர்கோவிலுக்கு நடந்து போனார். "என்ன சமைக்கத் தெரியும்?" என்று கேட்டார்களாம். "அக்கானி காய்ச்சுவேன்" என்றாராம். பதனீருக்கு எங்கள் பக்கத்தில் அக்கானி என்று பெயர். அதைக் கருப்பட்டிப் பதத்துக்குக் காய்ச்சத் தெரிந்தவனுக்கு அடுப்பு தெரியாமல் இருக்காது என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் காய்ச்சினது அவர் மனைவி சத்தியபாய். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். "அந்த ஒரு பொய்தான் நான் பட்டாளத்துல சொன்னது" என்பார்.

கப்பல் அவரை எகிப்துக்கும், அங்கிருந்து இத்தாலி தேசத்துக்கும் கொண்டுபோனது. 1945-இல் சண்டை ஓய்ந்தபோது தெற்கு இத்தாலியில் கடலோரத்தில் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் அவருக்கு அடுக்களை வேலை. அந்த ஊரில் அகதிகளைத் தங்கவைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கிழங்கு தோல் சீவக் கூலிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் மோசே.

"எங்க சபையிலயும் ரெண்டு மோசே உண்டு" என்று சொல்லி ஞானசிங் சிரித்தாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. பட்டாளத்து இங்கிலீஷ் கொஞ்சம், இத்தாலி பாஷை கொஞ்சம், மிச்சம் கை ஜாடை.

மோசேயின் இடது கையில் பச்சை குத்தியிருந்தது. நம்முடைய பெண்பிள்ளைகள் குத்திக்கொள்கிற மாதிரி ஏதோ என்று நினைத்து, "ஆருக்க பேரு?" என்று ஞானசிங் கேட்டார். மோசே, "எனக்கு அங்கே வைத்த பேர்" என்றார். கிட்டப் பார்த்தால் எழுத்தில்லை, எண்கள்.

அதிலிருந்து கிழங்கு சீவுகிற நேரமெல்லாம் ஞானசிங் கேட்பார், மோசே சொல்லுவார். போலந்து தேசத்தில் ஒரு சின்ன ஊர். தையல் வேலை. மனைவி, நாலு பிள்ளைகள். ஒரு நாள் அந்த ஊர் யூதரை எல்லாம் சந்தைத் திடலில் நிறுத்தி, ரெயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இடத்தில், தையல் வேலைக்கென்று எண் குத்தி வைத்துக்கொண்ட இவரைப் போன்ற சிலர் போக, மற்றவர்களைக் கொன்றார்கள். அவர் ஊரை மட்டும் அல்ல, யூதர் இருந்த ஊர் ஊராக. "என்ன குற்றம் செஞ்சிய?" என்று ஞானசிங் கேட்டார். யூதராகப் பிறந்தோம் என்றார் மோசே. பாஷை விளங்காததால்தான் தமக்குப் புரியவில்லை என்று நினைத்து, ஞானசிங் வேறு வேறு விதமாக மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே பதில்.

"பக்கத்து ஊருக்காரன் என்ன செஞ்சான்?"

"ஜன்னல் வழியாகப் பார்த்தான். அது யூதர் விஷயம் என்று சொன்னான்."

"தூர தேசத்து ராஜாக்கமாருக்குத் தெரியாதா?"

"சேதி போனது. அவர்களும் அப்படித்தான்."

இந்த இடத்தில்தான் ஞானசிங் எங்கள் மணியைப் பற்றிப் பெருமை பேசினார்.

எங்கள் ஆலயத்து மணிக்கு மூன்று அடி உண்டு. ஆராதனைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. மூன்றாவது, நிறுத்தாமல் அடிப்பது. அதற்கு விழுந்த மணி என்று பெயர். பனையிலிருந்து ஆள் விழுந்தால் அடிப்பார்கள். அதைக் கேட்டால் மரத்து உச்சியில் இருக்கிறவன் பாதி சீவின பாளையை விட்டு இறங்க வேண்டும். பெண்கள் கொதிக்கிற அக்கானியை அடுப்போடு விட்டு ஓடி வர வேண்டும். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர், அய்யாவழிக்காரர் என்று இதில் மத வித்தியாசம் கிடையாது. யார் விழுந்தது, யாருடைய பனை என்று மேலே இருந்துகொண்டு கேட்கக் கூடாது. முன்னொரு காலத்தில் கரை என்று நாங்கள் சொல்கிற இரண்டு ஊர்ப் பகுதிகளுக்கு நடுவில் நின்ற எல்லைப் பனையிலிருந்து ஒருவர் விழுந்தபோது, விழுந்தது இந்தக் கரையிலா அந்தக் கரையிலா என்று இரண்டு கரைக்காரரும் மரத்தில் இருந்தபடியே வழக்குப் பேசினார்கள். பேசித் தீர்த்து இறங்கி வருமுன் அவர் மரித்துப்போனார். அதற்குப் பிறகு சபைப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள்: கீழே வந்த பிற்பாடு கேட்கவும்.

இதைக் கேட்டு மோசே கத்தியைக் கீழே வைத்தார். "எங்கள் ஊர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மணியை அடித்திருப்பீர்களா?"

"அடிப்போம்" என்றார் ஞானசிங். "எல்லாரும் எறங்குவோம்."

மோசே அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். "அவரு அந்தக் கெழங்க எடுத்தாரே, அந்த எடுப்பு" என்று ஞானசிங் என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "நம்புனாரா, நம்பல்லியா? இன்னும் எனக்குத் தெரியல்ல."

1946 கடைசியில் ஊருக்கு வந்து மறுபடியும் பனை ஏறினார். சுயம்புவின் சாயக்கடையில் கூட்டம் கூடியது. சுயம்பு அய்யாவழிக்காரர், நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஓய், சண்டையில என்னத்த கண்டீரு?"

"சண்டையக் காணல்ல. சண்டைக்குப் பொறவு உள்ளதக் கண்டேன்" என்று ஞானசிங் மோசேயின் கதையைச் சொன்னார்.

"வேதத்துல உள்ள யூதனுவ இப்பமும் உண்டாவே?"

"கொச்சியில உண்டு. எங்க சித்தப்பன் கண்டிருக்காரு" என்றது ஒரு குரல்.

"அப்பம் ஈசாக்கையும் கண்டியரா? சொகமா இருக்காரா?"

"எத்தன பேரைக் கொன்னானுவளாம்?"

"அறுபது லெச்சம்னு பேசிக்கிட்டாவ."

"அறுபது லெச்சமா!" சுயம்பு கிளாசைக் கழுவுவதை நிறுத்தினார். "நம்ம திருவிதாங்கூர் மொத்தத்தையும் எண்ணுனாலே அம்புடுதான் வரும். ஒரு ராஜ்யத்த அப்படியே கொல்ல முடியுமாவே? புளுகினாலும் அளவாப் புளுகும் வேய்."

அன்றைக்கு விழுந்த பெயர்தான் இத்தாலி.

சுதந்திரம் வந்த ஆகஸ்டு மாதக் கடைசி. அக்கானிக் காலம் முடிகிற நேரம். காலையில் சுயம்பு பேப்பரை வாசித்துக்கொண்டிருந்தார். பஞ்சாபில் ஆட்களை மதம் பார்த்து வெட்டுகிறார்கள், ரெயில் நிறையப் பிணமாக வந்து நிற்கிறது என்று போட்டிருந்தது. எங்கள் சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கன் ஆபேல் அங்கே இருந்தார். ஆபேல் கடுமையானவர், ஆனால் நியாயஸ்தர். அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே, "அது வடக்க உள்ள காரியம். நமக்கு என்ன?" என்றார்.

ஞானசிங் கிளாசை வைத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் மணி கேட்டது. நிற்காத அடி.

நான் பதறி ஓடினேன். அவர் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார். பனங்காட்டிலிருந்து ஆட்கள் சரசரவென்று இறங்குகிறார்கள். ஆபேலின் மகன் சுந்தர்சிங் அவசரத்தில் சறுக்கி, நெஞ்சுத் தோல் உரிந்து ரத்தத்தோடு வந்து நின்றான். கையில் கரண்டியோடு பெண்கள். முற்றம் நிறைந்துவிட்டது.

"ஆரு விழுந்தது? எங்க?"

"பஞ்சாபுல" என்றார் ஞானசிங்.

பின்னாலிருந்து ஒருவன், "பஞ்சாபுல பனை உண்டா?" என்று கேட்டான்.

"பனையில்ல மக்கா, மனுஷனுவ. பேரக் கேட்டு, மதத்தக் கேட்டு வெட்டுதானுவ. மோசேக்க ஆளுவளுக்கும் இப்பிடித்தான் தொடங்குச்சு. அப்பமும் எல்லாரும் 'நமக்கு என்ன'ன்னுதான் இருந்தாவ."

பெண்களில் முன்னால் நின்ற பூங்கனி கரண்டியை ஓங்கினாள். "எனக்க அக்கானி மொத்தமும் பொங்கி அடுப்புல போச்சு! பஞ்சாபுக்கு நான் எப்பிடிவே போவேன்? கோட்டாறு சந்தைக்குப் போவவே எனக்கு வண்டி இல்ல!"

சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஆபேல் மகனின் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே, "கயித்த விடும்" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் திரும்பிப் போய் மரம் ஏறினார்கள்.

ஒருவரும் விழாதிருக்க விழுந்த மணியை அடித்தவன், பொய்யாய் அடித்தேன் என்று சபை முன் அறிக்கை செய்யுமட்டும் திருவிருந்தில் சேரக் கூடாது. அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வாரமே கமிட்டி கூடியது. போதகர் ஐயா தயங்கினார். ஆபேல் விடவில்லை.

"எனக்க மொவனுக்க நெஞ்சுக்காகச் சொல்லல்ல ஐயா. நாளைக்கு மெய்யாவே ஒருத்தன் விழுந்து கெடக்கும்போ, இது இத்தாலிக்க மணியாக்கும்னு நாலு பேரு மேலயே இருந்துட்டா? அப்பம் சாவக்கூடிய ஆளுக்கு ஆரு பதில் சொல்ல?"

ஞானசிங் எழுந்து, "நான் பொய்யா அடிக்கல்ல" என்றார். அவருக்குத் திருவிருந்து நிறுத்தப்பட்டது.

எங்கள் சபையில் பிறந்து வளராதவர்களுக்கு இது சின்னக் காரியமாகத் தோன்றலாம். மாதத்தில் முதல் ஞாயிறு, அப்பம் எடுக்கும் முன்பு ஒரு மனுஷன் எல்லாரும் பார்க்க எழுந்து வெளியே போவது என்றால், கொலை செய்தவன் போகிற மாதிரி இருக்கும். அவர் போய்ப் பூவரச மரத்தடியில் நிற்பார். தலையைக் குனிந்து, உள்ளே பாடுகிற பாட்டை அங்கே நின்று அவரும் பாடுவார்.

"பொய்யா அடிச்சேன்னு ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சு போவும்?" என்று சத்தியபாய் ஒரு நாள் என் முன்பாகவே கேட்டாள்.

"அது பொய்யின்னா, மோசேட்ட நான் சொன்னதும் பொய்யாப் போவுமே ஏட்டி."

அடுத்த மாதம் அவர் எழுந்தபோது அவளும் எழுந்தாள். "தனியா வாங்குன அப்பம் தொண்டைக்குக் கீழ எறங்கல்ல" என்றாள். அதிலிருந்து பூவரச மரத்தடியில் இரண்டு பேர்.

1948 டிசம்பரில் ஒரு நாள் காலையில் சுயம்பு கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பனங்காட்டுக்கு ஓடினார். கையில் பேப்பர். ஞானசிங் ஏறியிருந்த பனையின் அடி மூட்டில் நின்று கூப்பிட்டார்.

"இத்தாலி! எறங்கி வாரும்!"

"ஆரு விழுந்தது?"

"கீழ வந்த பொறவு கேளும்!"

பாரீஸ் பட்டணத்தில் கூடிய ஐக்கிய தேசங்களின் சங்கம் ஒரு உடன்படிக்கை செய்திருந்தது. ஒரு ஜனத்தை, ஒரு இனத்தை, ஒரு மதத்தாரை அழிக்கவேண்டுமென்று கொல்லுவது சண்டைக் காலமானாலும் சமாதான காலமானாலும் குற்றம். அதைத் தடுப்போம், தண்டிப்போம். ஐரோப்பாவில் யூதருக்கு நடந்ததைப் பற்றியும் பேப்பர்க்காரர் ஒரு வரி போட்டிருந்தார். சுயம்பு வாசித்து முடித்துவிட்டு, "அளவாப் புளுகும்னு சொன்னேன் பாத்தியரா. மன்னிச்சுக்கிடும்" என்றார்.

ஞானசிங்கின் கண் கலங்கியதாம். ஆனால் அடுத்த நிமிஷமே கேள்வி ஆரம்பித்துவிட்டது. "மணி எங்க தொங்குது? கயிறு ஆரு கையில? கேட்டா ஆரெல்லாம் எறங்கணும்?" சுயம்பு பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். கால் பத்திதான் போட்டிருந்தார்கள். அதில் அதெல்லாம் இல்லை.

அவர் போதகர் ஐயாவிடம் போனார். ஐயா நாகர்கோவிலில் தமக்குத் தெரிந்த ஒரு கல்லூரி வாத்தியாருக்கு எழுதினார். வாத்தியார் எங்கேயோ தேடிப்பிடித்து இங்கிலீஷ் பிரதி ஒன்றைத் தட்டச்சு செய்து அனுப்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஞானசிங் வாரம் ஒரு தரம் ஐயா வீட்டு வாசலில், "வந்திட்டா ஐயா?"

வந்த அன்றைக்கு ஐயா ஒவ்வொரு பிரிவாக வாசித்து அர்த்தம் சொன்னார். மொத்தம் பத்தொன்பது.

"எந்த தேசமும் சங்கத்தக் கூப்பிடலாம்னு எட்டாம் பிரிவு சொல்லுது."

"கொள்ளாம், நல்லதுதான். கூப்பிட்டா வந்தே தீரணும்னு உண்டா ஐயா?"

"சங்கம் தனக்குத் தகுதின்னு தோணுறதச் செய்யலாம்."

"தகுதியான்னு ஆரு பாப்பா?"

"சங்கந்தான்."

ஞானசிங் விரலை மேலே காட்டினார். "அப்பம் மேல இருந்துக்கிட்டே கேக்கலாம், இல்லியா?"

ஐயாவுக்குச் சிரிப்பும் வந்தது, பெருமூச்சும் வந்தது. "ஆனா முதல் பிரிவப் பாரும். தடுப்போம்னு ஒவ்வொரு தேசமும் வாக்கு கொடுக்குது." அந்தப் பிரிவை மட்டும் ஞானசிங் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். மூன்று தரமும் அவர் உதடு கூடவே அசைந்தது. பிறகு, நம்முடைய நாடு சேர்ந்ததா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டாயிற்று, உறுதி செய்து முடிக்கவில்லை என்று வாத்தியார் கடிதத்தில் எழுதியிருந்தார். இருபது தேசம் உறுதி செய்தால்தான் அது நடப்புக்கு வரும்.

1951 ஜனவரியில் நடப்புக்கு வந்துவிட்டது என்று பேப்பரில் வந்தது. நம்முடைய நாடு அந்தக் கணக்கில் இல்லை. ஐயா கமிட்டியைக் கூட்டினார். சபைப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி என்னையே குறிப்பெழுதவும் சொன்னார்.

"தேசங்கள் ஒப்புக்கிட்டா அது தேசங்களுக்குச் சட்டம்" என்று ஆபேல் ஆரம்பித்தார். "நம்ம மணிக்கு நம்ம புஸ்தகந்தான்."

"சரி. ஒருவரும் விழாதிருக்க அடித்தவன் என்று புஸ்தகம் சொல்லுது. ஒருவரும் விழல்லியா ஆபேல்?"

"விழுந்தாவ. எல்லைக்கு அங்கயும் இங்கயும் விழுந்தாவ. அத இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அம்புடு தூரத்துக்கு இந்த மணி எதுக்கு?"

"எத்தனை மைல் வரைக்கும்னு எழுதியிருக்கா?" என்று ஐயா என்னைக் கேட்டார். தேடினேன். இல்லை. எந்த ஊர், எந்தக் கரை என்பதையும் கீழே வந்த பிற்பாடு கேட்கவும் என்றுதான் இருந்தது.

"அப்பம் நான் அன்னைக்குக் கேட்ட கேள்வி?" என்றார் ஆபேல். "எனக்க மொவன் விழுந்து கெடக்கும்போ நாலு பேரு எறங்காம இருந்தா?"

எல்லாரும் ஞானசிங்கைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

"அது நியாயமான கேள்வியாக்கும் அண்ணாச்சி. அதுக்கு எனக்குப் பதில் தெரியல்ல. மூணு வருஷமா மரத்தடியில நின்னு யோசிச்சுட்டேன், தெரியல்ல. சுந்தர்சிங்குக்க நெஞ்சு உரிஞ்சது எனக்க பிழைதான், அவன்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். பொய்யா அடிச்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ஒரு தப்பு உண்டு. அத இப்பம் அறிக்கை செய்யுதேன்."

"என்ன தப்பு?" என்றார் ஐயா.

"பிந்தி அடிச்சேன். மோசே கேட்டது நாப்பத்தஞ்சுல. நான் ஊரு வந்தது நாப்பத்தாறுல. வந்த அன்னைக்கே நம்ம ஜனத்தக் கூட்டிச் சொல்லியிருக்கணும். சிரிச்சிருவாவளேன்னு பயந்து, சாயக்கடையில இருந்து கதை போலச் சொல்லிட்டு இருந்தேன். பஞ்சாபுல ரெயிலு நிறஞ்ச பொறவுதான் கயித்தத் தொட்டேன். கர்த்தர் என்னைய மன்னிக்கட்டும்."

அந்த அறிக்கை போதுமா போதாதா என்று ஐயா கேட்க வாயெடுக்கும் முன், ஆபேல் என் பக்கம் திரும்பினார்.

"எழுதும். மணி அடித்ததில் பிந்தினேன் என்று ஞானசிங் அறிக்கை செய்தார். கமிட்டி ஏற்றுக்கொண்டது."

எழுதினேன். ஆபேல் உட்காரவில்லை. "நாங்க அன்னைக்கு எறங்கி வந்தோம். கேட்டோம். திரும்பி ஏறிட்டோம். அத எந்தப் பக்கத்துல எழுத?"

பேனாவைத் தூக்கியபடி இருந்தேன். புத்தகத்தில் அந்த இடத்தில் இரண்டு வரி வெறுமையாக விட்டிருக்கிறது.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சத்தியபாய் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் நேரத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். அப்பத் தட்டைச் சுமந்து வந்தது ஆபேல். ஞானசிங்குக்கு முன்னால் வந்து நின்றார். ஞானசிங் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடும் இத்தாலி" என்றார் ஆபேல் மெதுவாக. எடுத்தார்.

அதோடு மனுஷன் கேட்பதை விட்டாரா என்றால் இல்லை. அந்த வருஷக் கடைசியில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த வேட்பாளரிடம் எல்லாரும் ரோட்டையும் வாய்க்காலையும் கேட்க, இவர் எழுந்து, "அந்த உடன்படிக்கைய நம்ம நாடு எப்பம் உறுதி பண்ணும்?" என்று கேட்டார். வேட்பாளர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டு, குறித்துக்கொண்டார். பிறகு வாய்க்காலைப் பற்றிப் பேசினார்.

இந்த 1956 நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டன. ஊரெல்லாம் தோரணம், வெடி. சாயக்கடையில் பேப்பர் கைக்குக் கை பறந்தது. முதல் பக்கம் முழுக்க எங்கள் சேதி. ஞானசிங் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பி, உள்ளே சின்ன எழுத்துகளில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குமாவே?" என்றார் சுயம்பு. "என்னத்த தேடுதீரு?"

"அந்த உடன்படிக்கைக்கு நம்ம நாடு எறங்கிட்டான்னு பாக்கேன்."

சுயம்பு கிளாசை வைத்துவிட்டு, அடுத்த பக்கத்தை இழுத்துத் தம் பக்கமாக விரித்துக்கொண்டார்.